மூன்றாவது தொடை

கினே ஃபாலின் ஃப்ரீஸருக்கு மூடி உண்டு. மூடத்தான் மாட்டேன் என்றது. உள்ளே நான்கு சுவரிலும் பனி ஏறி ஏறித் தடித்து, ரப்பர் விளிம்பையும் தாண்டி வெளியே தலை நீட்டியிருந்தது. அதை அமுக்கி வைக்க மூடியின் மேல் ஒரு காலி கேஸ் சிலிண்டர். திறக்க வேண்டுமென்றால் சிலிண்டரை இறக்கு, மூட வேண்டுமென்றால் மறுபடி ஏற்று என்று கினேக்கு இடுப்பே விட்டுப் போயிற்று. ஆள் படுக்கலாம் போலிருந்த பெட்டியில் இப்போது நடுவே ஒரு வாளி இறங்கத்தான் இடம்.

ருஃபிஸ்க் ஊரில் அந்த முற்றத்தைச் சுற்றி மூன்று குடித்தனம். மூன்றுக்கும் சேர்த்து இந்த ஒரு ஃப்ரீஸர்தான். வாங்கியது கினே, கரண்டுக்குக் கட்டுவது கினே, அதனால் சாவியும் கினேயின் இடுப்பில். மாற்றுச் சாவி ஒன்று அவள் புருஷன் மக்தாரின் வேன் சாவியோடு கிடந்தது. மற்றபடி யார் மீன் வாங்கினாலும், யார் வீட்டில் கறி மிஞ்சினாலும் அதற்குள்தான் போகும். சண்டை வராமல் இருக்க ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அவரவர் பழைய துணியில் கிழித்த கீற்றால் அவரவர் பையைக் கட்ட வேண்டும். கினேயுடையது கத்தரிப்பூ நிறம். கடைசி அறை மரேமுடையது மஞ்சள். எதிர் அறை தாபாவுடையது கறுப்பில் வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளித் துணியை ஃப்ரீஸருக்குள் பார்த்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

தபாஸ்கி என்கிற ஆடு அறுக்கும் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆண்கள் ஆட்டுக்கு அலைய ஆரம்பிக்கும் முன்பே பெண்கள் ஃப்ரீஸரைக் காலி செய்து பனியை உருக்கிவிடுவார்கள். குர்பானிக் கறி வந்து குவிந்த பிறகு இடம் தேடி ஓட முடியாது. கினே இதை மக்தாரிடம் எடுக்கும்போதெல்லாம் அவன் கைவசம் ஒரு காரணம் இருந்தது.

"பனி இருந்துட்டுப் போகட்டும் கினே. கரண்ட் போனா அதுதானே குளிரைப் பிடிச்சு வைக்கும்."

"மூடியே மூடல. எந்தக் குளிரைப் பிடிச்சு வைக்கும்?"

"பழைய மெஷின். ஒரு தடவை நிறுத்திட்டா திரும்ப ஓடாது. என் சிநேகிதன் ஒருத்தன் வீட்ல அப்படித்தான் ஆச்சு."

"எந்தச் சிநேகிதன்?"

"உனக்குத் தெரியாது."

ருஃபிஸ்குக்கும் தியஸுக்கும் நடுவே வேன் ஓட்டுகிற மனுஷன். டயரையும் எண்ணெயையும் தவிர உலகத்தில் எதற்கும் கவலைப்படாதவன். அவனுக்கு ஃப்ரீஸர் மேல் எங்கிருந்து இத்தனை அக்கறை முளைத்தது என்று கினேக்குப் புரியவில்லை. அந்த வருஷம் அவளுக்குப் புரியாத விஷயங்கள் நிறைய இருந்தன. இதையும் அவற்றோடு சேர்த்துவிட்டாள்.

அவற்றில் பெரியது போன தபாஸ்கியில் நடந்தது. மக்தாரின் அக்கா அராம் தியஸில் இருக்கிறாள். பெருநாள் ஆட்டின் ஒரு பின்னந்தொடை புருஷனுடைய அக்காவுக்குப் போக வேண்டும். யாரும் கேட்டு வாங்குவதில்லை, யாரும் கொடுக்காமல் இருப்பதுமில்லை. தொடை அனுப்பாத மருமகள் என்று பெயர் வாங்கினால் அடுத்த பெருநாள் வரைக்கும் அந்தப் பெயரிலேயே திரிய வேண்டியதுதான். வழக்கமாகக் கினேயே எடுத்துப் போய்க் கொடுத்து, நாத்தனார் வீட்டில் ஒரு பொழுது இருந்துவிட்டு வருவாள். போன வருஷம் கொளுத்துகிற வெயில். கினே விற்கிற ஐஸ் கட்டிக்கு வாசலில் ஆள் நின்றது. வியாபாரத்தை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. தாபா தன் அம்மாவைப் பார்க்கத் தியஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தொடையை நீலப் பையில் போட்டு, கத்தரிப்பூக் கீற்றால் இறுக்கிக் கட்டி, அவள் கையில் கொடுத்தனுப்பினாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பிள்ளைக்குப் பெயர் வைக்கிற விருந்தில் சேதி காதுக்கு வந்தது. அராம் போகிற இடமெல்லாம் சொல்கிறாளாம்: 'என் தம்பி வீட்டிலேருந்து இந்த வருஷம் எனக்குத் தொடை வரலை.' கினேக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தட்டில் இருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

தாபா சாதாரண ஆளில்லை. கினேக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி. தாபாவின் குலப்பெயர் கெய்யே. ஃபால்களுக்கும் கெய்யேக்களுக்கும் கேலி உறவு. கண்ட இடத்தில் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்ள வேண்டியது கடமை. காலையில் முற்றத்தில் முதல் சத்தமே அதுவாகத்தான் இருக்கும்.

"ஏய் திருட்டு கெய்யே, என் மீன் தலையை எங்கடி ஒளிச்சு வச்சே?"

"போடி சோத்துமூட்டை ஃபால். நீயே முழுங்கிட்டு என்னையக் கேக்கறியா?"

அந்த விருந்திலிருந்து திரும்பிய நாளோடு கினே அவளைத் திருடி என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். விளையாட்டுக்குச் சொன்ன காலமெல்லாம் தாராளமாக வந்த வார்த்தை, நிஜமாகவே அப்படி நினைத்த பிறகு அவள் எதிரில் வாயில் வர மறுத்துவிட்டது. சண்டை போடவில்லை. கேள்வி கேட்கவில்லை. புள்ளித் துணி கட்டிய பைகளையெல்லாம் பொறுக்கி ஒரு பேசினில் போட்டுத் தாபாவின் கதவருகே வெயிலில் வைத்துவிட்டு வந்தாள். தாபா புளிச்சம்பூவைக் காய்ச்சி, அந்தச் சிவப்புச் சாற்றைச் சின்னச் சின்னப் பைகளில் உறைய வைத்து விற்றுப் பிழைப்பவள். அன்று அத்தனையும் உருகி முற்றத்தில் ஓடியது. அதற்குப் பிறகு அவர்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், ஒரே கொடியில் துணி காயப்போட்டார்கள்.

"சமாதானமா?"

"சமாதானம்தான்."

அந்த ஊரில் யாரைக் கண்டாலும் கேட்கிற நலம் விசாரிப்பு, அவ்வளவுதான் பேச்சு. மரேம் மூலம் என்ன குற்றச்சாட்டு என்று தாபாவுக்கும் தெரிந்துபோயிற்று. தெரிந்தும் அவள் வந்து கேட்கவில்லை.

இதில் இன்னொரு புரியாத விஷயமும் உண்டு. தாபாவுக்கு வேண்டிய ஐஸை வெளியில் வாங்கித் தன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தது மக்தார். கினேக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்மகிட்டயே திருடினவளுக்கு நீங்க எதுக்கு ஐஸ் சுமக்கறீங்க?"

"போற வழிதானே," என்று சொல்லிவிட்டு அவன் செருப்பைத் தேடிக்கொண்டு போனான். செருப்பு அவன் காலிலேயே இருந்தது.

இந்த வருஷப் பெருநாள் நெருங்கிய ஒரு காலையில் மக்தார் வேனை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பியதும் கினே பிளக்கைப் பிடுங்கினாள். இனி அவனைக் கேட்டுக்கொண்டு இருந்தால் பெருநாள் வந்துவிடும். மீன் சந்தையிலிருந்து வாங்கி வந்த தெர்மோகோல் பெட்டிகளில் மீன்களையும் பைகளையும் அடுக்கி, மேலே கம்பளியைப் போட்டு நிழலில் வைத்தாள். இரண்டு பேசின் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஃப்ரீஸருக்குள் இறக்கி மூடியைச் சாத்தினாள். உதவிக்கு மரேம் வந்தாள். மரேமுக்கு வேலை பாதி, வாய் மீதி. கையில் கறிக்கத்தி வேறு.

"கத்தியை வச்சே, கையை ஒடிச்சிருவேன் மரேம்! சுவருக்குள்ள கேஸ் குழாய் ஓடுது. ஒரு குத்து விழுந்தா பெட்டி இல்ல, துணி வைக்கிற பீரோதான்."

"பின்ன நாள் முழுக்க ஊதிக்கிட்டு நிக்கிறதா?"

"மர அகப்பையை எடு. தானா விடும். விட்டதும் நெம்பு."

ஆவி உள்ளே வேலை செய்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கேயோ டக்கென்று ஒரு சத்தம். மூடியைத் தூக்கினால் ஒரு பக்கத்துப் பனி மொத்தமும் சுவரைவிட்டு விலகி நின்றது. கினே அகப்பையின் காம்பை இடுக்கில் கொடுத்து நெம்ப, பாளம் பாளமாக விழுந்தது. அடியில் தண்ணீர் போகிற அடைப்பானை உருவிவிட்டாள். தண்ணீர் முற்றத்தில் இறங்கி மரேமின் அறைப் பக்கம் ஓட, அவள் திட்டிக்கொண்டே பழைய சாக்கைப் போட்டு அணை கட்டினாள். மாதக் கணக்காகத் தொலைந்திருந்த பொருளெல்லாம் வெளியே வந்தது. மரேமின் ஒரு கலவா மீன், எப்போதோ இறால் என்று போட்டுவைத்து மறந்த ஒரு பொட்டலம், ஒரு ஸ்பூன், கினே தேடித் தேடிக் கடைசியில், வந்து தங்கிப் போன மாமியாரைச் சந்தேகப்பட்ட கத்தரிக்கோல்.

சுவர்ப் பனி முழுக்கப் போன பிறகும் அடியில் ஒரு மூலையில் மட்டும் கட்டியாக ஒன்று உட்கார்ந்திருந்தது. மற்ற பனி வெள்ளையாகப் பொருபொருவென்று இருந்தது. இது அப்படியில்லை. ஊற்றி உறைய வைத்த ஐஸ் மாதிரி கண்ணாடியாக இருந்தது. உள்ளே நீலமாக ஏதோ தெரிந்தது. கினே செம்பு செம்பாக வெந்நீர் ஊற்றினாள். ஐஸ் இளகி, அகப்பைக்கு விட்டுக்கொடுத்து, கடைசியில் இருவரும் சேர்ந்து தூக்கிப் பேசினில் போட்டார்கள். நீலப் பை. வாயில் கத்தரிப்பூக் கீற்று. பையின் ஓரம் கிழிந்து உள்ளே இருந்த எலும்பு முனை எட்டிப் பார்த்தது.

பின்னந்தொடை.

"அடேயப்பா! இது யாருது?" என்றாள் மரேம்.

கினே பேசின் பக்கம் குனிந்தாள். கீற்றைத் தொட்டுப் பார்த்தாள். சுற்றி இரண்டு முடிச்சு, மேலே ஒரு சுருக்கு. அவள் போடுகிற முடிச்சு. வேறு யாருக்கும் அந்தச் சுருக்கு வராது; மக்தாருக்குச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்துக் கைவிட்ட முடிச்சு.

"உன் துணிதானே?"

"என் துணிதான்."

"அப்ப உன் தொடைதான்."

"எப்படி என் தொடையாகும்? போன பெருநாளுக்கு அப்புறம் நான் தொடை வாங்கவே இல்ல. ஒரு தொடையைப் பெருநாள் அன்னைக்கே கரியில சுட்டோம். நீயும்தானே உக்காந்து தின்னே?"

"தின்னேன். வெங்காயம் கொஞ்சம் தூக்கல்."

"இன்னொண்ணைத் தாபாகிட்டக் கொடுத்தேன். இந்தக் கையால கொடுத்தேன்."

மரேம் விரல்விட்டு எண்ணினாள். சுட்டது ஒன்று. கொடுத்தது ஒன்று. பேசினில் கிடப்பது ஒன்று.

"அப்ப உங்க ஆட்டுக்கு மூணு பின்னங்கால்."

"வாயைக் கழுவு!"

"நான் என்ன பண்ணட்டும்? கணக்கு அப்படித்தான் வருது. ஆட்டுக்காரன் ஏமாத்திட்டான்னு ஊரே சொல்லும், உனக்கு மட்டும் ஒரு கால் கூடுதலாக் கொடுத்திருக்கான்."

கினேக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரத் துணியோடு கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்தாள். தாபாவிடம் தொடையைக் கொடுத்த அந்தக் காலைப் பொழுதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். தாபா புதுத் துணி உடுத்தி நின்றாள். வாசலில் ஐஸுக்கு ஆள் நின்றது. யாரோ சில்லறை கேட்டார்கள். அவள் ஃப்ரீஸரைத் திறந்தாள், நீலப் பையை எடுத்தாள், கொடுத்தாள். எடுத்தாளா? எடுத்தது நீலப் பைதானா? அவசரத்தில் மீன் பையை எடுத்துக் கொடுத்திருந்தால்? ஆனால் அராமுக்கு மீன் தலை போயிருந்தால் அவள் சும்மா இருப்பாளா? தியஸில் போட்ட சத்தம் ருஃபிஸ்கில் கேட்டிருக்கும். ஒன்றும் வரவில்லை என்றுதானே சொன்னாள்.

"எனக்கு ஒண்ணு தோணுது," என்றாள் மரேம். "தாபா எடுத்துக்கிட்டா. அப்புறம் மனசு உறுத்திக் கொண்டுவந்து போட்டுட்டா."

"சாவி என் இடுப்புல இருக்கு."

"நீ தூங்கும்போது உருவியிருப்பா."

"கொண்டுவந்து போடறவ மேலாப்புல போடுவாளா, அடியில போடுவாளா? நாலு பேர் மீனையும் எடுத்து வெளிய வச்சு, அடியில போட்டு, திரும்ப அடுக்கி... எதுக்கு?"

"அப்ப ஜின்னு."

"ஜின்னுக்கு ஆட்டுத் தொடை எதுக்குடி?"

"நீதான் கேக்கறியே, ஏதாவது சொல்லணும்ல?" என்று மரேம் சாக்கைப் பிழியப் போய்விட்டாள்.

கினே தொடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று, அவள் கொடுக்கவே இல்லை. கொடுத்ததாக நினைத்தது அவள் புத்தியின் கோளாறு. அப்படியானால் தாபா வெறுங்கையோடு பஸ் ஏறியிருக்க வேண்டும். வெறுங்கையோடு ஏறினவள் 'ஏய், எங்கே உன் தொடை?' என்று கேட்டிருக்கமாட்டாளா? இல்லை, கொடுத்தது நிஜம். அப்படியானால் இது இங்கே எப்படி? எந்தப் பக்கம் போனாலும் வழி அடைத்திருந்தது. ஒன்று மட்டும் ஈரத்தோடு ஈரமாக அவளுக்குள் இறங்கியது. எப்படி வந்திருந்தாலும் சரி, இந்தத் தொடையைத் தாபா தின்னவில்லை. முழுசாக, கட்டுப் பிரியாமல் இதோ கிடக்கிறது. ஒரு வருஷம் தாபாவின் மேல் கிடந்த பழிக்கு அடியில் எதுவுமே இல்லை. எதிர்ப் பக்கம் தாபாவின் கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பக்கம் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

கை வேலையில் இருந்தால் தலை ஓடாது என்று எழுந்தாள். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் துணியை முக்கிச் சுவர்களைத் துடைத்தாள். மூடியின் ரப்பர் மடிப்புகளில் விரலை விட்டு அழுக்கை எடுத்தாள். தலை நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு மக்தார் வந்தான். முற்றம் முழுக்கத் தண்ணீர், வாய் பிளந்து நிற்கிற ஃப்ரீஸர், குவியலாகக் கரைகிற பனி. வழக்கமாக உள்ளே நுழையும்போதே சோறு ஆச்சா என்பான். அன்று வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"உருக்கிட்டியா?"

"உருக்கிட்டேன்."

"முழுசாவா?"

"பாதி எப்படி உருக்கறது?"

அவன் ஃப்ரீஸருக்குள் எட்டிப் பார்த்தான். அந்த மூலையைத்தான் பார்த்தான். பிறகு, யாரோ கேட்கச் சொன்னதைக் கேட்பது போல, "அடியில ஏதாவது கிடந்துதா?" என்றான்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அடியில் ஏதாவது கிடந்ததா என்று கேட்கிறவனுக்கு அடியில் என்ன கிடந்தது என்று தெரியும். அந்தச் சிநேகிதன் வீட்டு மெஷின், குளிரைப் பிடித்து வைக்கிற பனி, போகிற வழியில் வாங்கிய ஐஸ் எல்லாம் ஒரே இழுப்பில் வந்து நின்றன.

"மக்தார்," என்றாள் கினே. கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் பெயர் சொல்லி இப்படிக் கூப்பிட்டதில்லை.

"முதல்ல நான் சொல்றதைக் கேளு."

"சொல்லு."

"அக்காவுக்குத் தொடை போச்சு. தாபா ஒழுங்காக் கொண்டுபோய்க் கொடுத்தா. அக்கா வாங்கிக்கிட்டு, உக்கார வச்சுத் தண்ணியும் கொடுத்தா. தாபா போனப்புறம்தான் கோவம் வந்திருக்கு. தம்பி பொண்டாட்டி கையால வரவேண்டியது, தெருவுல போறவ கையில வருது, நான் என்ன பிச்சைக்காரியான்னு. மறுநாள் என்னை வேன் நிக்கிற இடத்துல பிடிச்சா. அப்படியே கட்டுப் பிரிக்காம மடியில தூக்கிப் போட்டா. 'உன் பொண்டாட்டி ஐஸ் வித்து முடிச்சதும் எடுத்துட்டு வரச் சொல்லு. அதுவரைக்கும் எனக்குத் தொடை வரலை'ன்னா."

"நீ என்கிட்டச் சொல்லலை."

"எப்படிச் சொல்வேன்? நாத்தனார் தொடையைத் திருப்பி அனுப்பிட்டான்னு சொன்னா நீ சும்மா இருப்பியா? அங்க ஒரு சண்டை, இங்க ஒரு சண்டை. அக்கா கோவம் ஆறட்டும், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"எந்த நாளைக்கு?"

அவன் வேன் சாவியைக் கையில் உருட்டினான்.

"தூக்கி எறிஞ்சிருக்கலாமே."

"குர்பானிக் கறி கினே! குப்பையில போட முடியுமா? யாருக்காவது கொடுத்தா உன் காதுக்கு வந்துரும். சமைக்கச் சொன்னா எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பே. அதான் அடியில வச்சு..." குரல் இறங்கியது. "சீக்கிரம் பனி மூடட்டும்னு ரெண்டு செம்பு தண்ணி ஊத்தினேன்."

வேறொரு நாளாக இருந்தால் கினே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். ஆறடி மனுஷன் அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் பயந்து, யாருமில்லாத நேரத்தில் ஃப்ரீஸருக்குள் குனிந்து ஆட்டுத் தொடைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான்.

"நான் தாபாவைத் திருடின்னு சொன்னப்பல்லாம் நீ பக்கத்துலதானே உக்காந்திருந்தே?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதைத்தான் கேக்கறேன்."

"ஐஸ் கொண்டுவந்து கொடுத்தேன்ல," என்றான் மக்தார். சொன்ன பிறகு அவனுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான்.

கினே பேசினைத் தூக்கினாள். எதிர் அறைக்குப் பத்தடிகூட இருக்காது. போகும்போதே என்ன சொல்வது என்று யோசித்தாள். மரேம் சாக்கைப் பிழிவதை நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். அதுவே பெரிய அதிசயம்.

தாபா தரையில் உட்கார்ந்து புளிச்சம்பூவை ஆய்ந்துகொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் சிவப்பு. நிமிர்ந்து பார்த்தாள்.

"சமாதானமா?" என்றாள் பழக்கத்தில்.

கினேக்கு வழக்கமான பதில் வரவில்லை. பேசினைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பனி, மூலை, நீலப் பை, நாத்தனார், வேன், இரண்டு செம்பு தண்ணீர் எல்லாம். முன்னுக்குப் பின் வந்தது. நடுவில் நிறுத்தித் திருத்தி மறுபடி சொன்னாள். தாபா பூவை ஆய்வதை நிறுத்தவில்லை.

"தப்பு என்னுது தாபா. நான் உன்னை... மன்னிச்சிரு."

"தொடை கிடைச்சிருச்சு," என்றாள் தாபா.

"கிடைச்சிருச்சு."

"அதனால நான் திருடி இல்ல."

"இல்ல. இல்லவே இல்ல."

"உன் புருஷன் அதை நாய்க்குப் போட்டிருந்தா?"

கினேக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"கிடைக்காமப் போயிருந்தா நான் சாகற வரைக்கும் திருடிதான். அப்படித்தானே?" தாபா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்னே. மரேம்கிட்டச் சொன்னே. மீன்காரிகிட்டச் சொன்னே. என் பையை எடுத்து வெயில்ல வச்சே. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஒரு நாளாவது வந்து கேப்பேன்னு இந்தக் கதவைத் திறந்தே வச்சிருந்தேன்."

"நீயா வந்து சொல்லியிருக்கலாமே."

"கேக்காதவகிட்டப் போய் நான் திருடலைன்னு சொல்றவ திருடி."

கினே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கேட்கவில்லைதான். ஏன் கேட்கவில்லை? அன்று அது பெருந்தன்மை மாதிரி தோன்றியது. சிநேகிதியை முகத்துக்கு நேரே அவமானப்படுத்தாமல் விட்டதாக நினைத்துக்கொண்டாள். இப்போது அந்த நினைப்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வேறு ஒன்று கிடந்தது.

"பயமா இருந்துச்சு," என்றாள்.

"என்ன பயம்?"

"நீ கொடுத்துட்டேன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன் தாபா. நம்பிட்டா, பொய் சொல்றது என் நாத்தனார்னு ஆகும். அவளோட நான் சண்டை போட்டாகணும். அதுக்கு எனக்குத் தைரியம் இல்ல."

தாபாவின் கை இப்போதுதான் நின்றது. அவள் கினேயை வெகுநேரம் பார்த்தாள். கோபம் இருந்தது. கோபத்தோடு வேறு ஏதோவும் இருந்தது. அது என்ன என்று கினேக்குத் தெரியவில்லை, தாபாவுக்கும் தெரிந்திருக்காது.

"அவளைவிட நான் சுலபமாக் கிடைச்சேன்," என்றாள் தாபா.

"ஆமா."

முற்றத்தில் மக்தார் காலிப் பெட்டிகளை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்; வைத்த இடத்திலிருந்து எடுத்துத் திரும்பவும் வைத்துக்கொண்டிருந்தான். பேசினில் தொடை வியர்த்தது. சீக்கிரம் அடுப்பில் ஏற்றாவிட்டால் கெட்டுப்போகும். அதை யார் சமைப்பது, யார் தின்பது, அராமுக்கு என்ன சொல்வது, இந்த வருஷத் தொடையை எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா, எதுவும் கினேக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு வருஷம் தள்ளிப்போன ஒரு வேலை பாக்கி இருந்தது. பதில் தெரிந்த பிறகு கேட்பது கேள்வியே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டாள்.

"தாபா, அன்னைக்குத் தொடையை அக்காகிட்டக் கொடுத்தியா?"

தாபா சிவந்த விரல்களை மடியில் துடைத்துக்கொண்டாள்.

"கொடுத்தேன்," என்றாள். "குனிஞ்சு, ரெண்டு கையாலயும் கொடுத்தேன். நீ கொடுக்கிற மாதிரியே கொடுத்தேன்."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். கினே அவளைத் தொடவில்லை. தொடுகிற உரிமை இன்னும் தனக்கு இருக்கிறதா என்று தெரியாமல், வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.